தேர்வுக்கு முந்திய ஞாயிறு

மறைக்கல்வி ஆண்டுத் தேர்வு நெருங்குகையில் நமது பங்குகளில் ஒரு புதிய பரபரப்பு தோன்றுவதைக் காண்கிறோம். திருப்பலி முடிந்த கையோடு கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு மறைந்துவிடும் சிறுவர்கள், கோவில் முற்றத்து வேப்பமரத்தடியில் புத்தகமும் கையுமாய் நிற்கிறார்கள். ஆண்டு முழுவதும் தம் பிள்ளை எந்த வகுப்பில் அமர்கிறான் என்று வினவாத தந்தையர், "எத்தனை பாடம் வரும்?" என்று ஆசிரியையிடம் கேட்கிறார்கள். ஆசிரியையோ, "இவை முக்கியம்" என்று தலைப்பிட்டு இருபது வினாக்களை நகலெடுத்து வழங்கிவிட்டு, எஞ்சிய நேரத்தில் பாடங்களை முதலிலிருந்து ஒருமுறை வேகமாக வாசிக்கத் தொடங்குகிறார். பிள்ளைகள் தலையசைக்கிறார்கள். எல்லாம் தெரிந்ததுபோலவே இருக்கிறது.

தேர்வுக்கு முந்திய அந்த ஒரு ஞாயிறு, அந்த ஒரு மணி நேரம், எவ்வாறு செலவாக வேண்டும் என்பதே நாம் இங்கே எண்ணிப்பார்க்க விழையும் பொருள். இறையியற் சிக்கல்களை அலசும் ஏட்டில் இத்துணைச் சிறிய பொருளுக்கு இடம் உண்டோ என்று சிலர் வியக்கக்கூடும். பல பங்குகளில் பணியாற்றிய பட்டறிவில் சொல்கிறோம்: ஒரு பிள்ளை மறைக்கல்வி வகுப்பைத் தன்னுடையது என்று கொள்வதும், அன்றோடு அதனை வெறுத்து ஒதுங்குவதும் பல வேளைகளில் இந்த ஒரு மணி நேரத்தில்தான் தீர்மானமாகின்றன.

பள்ளிக்கூடங்களில் இதற்குத் 'திருப்புதல்' என்று பெயர். நல்ல பெயர்தான். மனந்திரும்புதல் என்னும் சொல்லும் அதே வேரிலிருந்து பிறப்பதை எண்ணி நாம் பலமுறை உள்ளூர மகிழ்ந்ததுண்டு. ஆனால் வகுப்பறையில் நடப்பது என்ன? புத்தகத்தின் பக்கங்கள் திரும்புகின்றன; பிள்ளையின் உள்ளம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. மறைக்கல்வியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்கு எதிரொலிக்கச் செய்தல் என்பது மூலப்பொருள். எதிரொலி எழ வேண்டுமாயின் கூவியவர் சற்றே வாயை மூட வேண்டும். தேர்வுக்கு முந்திய ஞாயிறன்றும் ஆசிரியரே பேசிக்கொண்டிருந்தால், மலையிலிருந்து திரும்பி வரும் ஒலியை யார் கேட்பது?

திருநூலில் திருப்புதல் வகுப்பு ஒன்று உண்டு. மாற்கு நற்செய்தி எட்டாம் அதிகாரத்தில் அதனைக் காணலாம். சீடர்கள் படகில் செல்கிறார்கள். கையில் ஒரே ஓர் அப்பம்தான் இருக்கிறது. அதைப்பற்றிய கவலையில் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். ஆண்டவர் அப்போது புதிதாக எதையும் போதிக்கவில்லை. இரண்டே வினாக்கள் கேட்கிறார். ஐந்து அப்பங்களை ஐயாயிரம் பேருக்குப் பகிர்ந்தபோது மீந்த துண்டுகளை எத்தனை கூடை நிறைய எடுத்தீர்கள்? பன்னிரண்டு என்கிறார்கள். ஏழு அப்பங்களை நாலாயிரம் பேருக்குப் பகிர்ந்தபோது? ஏழு என்கிறார்கள். இரு விடைகளும் சரி. இன்றைய மறைக்கல்வித் தேர்வாயின் முழு மதிப்பெண். ஆயினும், இன்னும் உங்களுக்குப் புரியவில்லையா என்றுதான் ஆண்டவர் அடுத்து வினவுகிறார். குருமட வகுப்பில் இப்பகுதியைக் கற்றபோது ஒரு நுட்பத்தை நமக்குச் சுட்டிக்காட்டினார்கள். மூலமொழியில் முதற்கூடைக்கு ஒரு சொல்லும் இரண்டாம் கூடைக்கு வேறொரு சொல்லும் வருகின்றன. இரண்டாவது, தமஸ்கு நகர மதிலின் வழியே பவுலடியாரை வைத்து இறக்கும் அளவுக்குப் பெரிய கூடைக்கு வழங்கும் சொல். ஆண்டவர் எண்ணிக்கையை மட்டுமல்ல, கூடையின் பருமனையும் மறவாமல் கேட்கிறார்.

இந்நிகழ்ச்சியிலிருந்து இரண்டு செய்திகள் நமக்குக் கிடைக்கின்றன. நினைவிலிருந்து எடுத்துச் சொல்லும்படி கேட்பது தாழ்ந்த செயலன்று, ஆண்டவரே செய்திருக்கிறார். அதே வேளையில், எடுத்துச் சொல்லிவிட்டதனாலேயே கற்றல் முடிந்துவிடுவதில்லை. அறுபதுகளுக்குப் பின் நம்மிடையே எழுந்த சிலர் மனனத்தையே பழித்தார்கள். கிளிப்பிள்ளைப் பாடம் என்றார்கள். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1979-இல் வெளியிட்ட மறைக்கல்வி பற்றிய ஊக்கவுரையின் 55-ஆம் எண்ணில், நினைவாற்றலுக்கு இடமளிக்காத மறைக்கல்வியில் விசுவாசம் தழைக்காது என்னும் கருத்தை வலியுறுத்தியிருப்பதை அவர்கள் மீண்டும் ஒருமுறை படித்துப் பார்ப்பது நன்று.

நம் மண்ணின் மரபும் இதையே சொல்கிறது. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த தூய பிரான்சிஸ் சவேரியார், தமிழும் போர்த்துக்கேயமும் அறிந்தவர்களைக் கொண்டு செபங்களைத் தமிழாக்கித் தாமும் மனனம் செய்துகொண்டு, கையில் மணியை ஆட்டியபடி தெருத்தெருவாய்ப் பிள்ளைகளை அழைத்தார். அவர் ஒரு வரி சொல்ல, கூட்டம் திருப்பிச் சொல்லும். விசுவாச அறிக்கையின் ஒவ்வொரு பகுதி முடிந்ததும் நிறுத்தி, இதை நம்புகிறீர்களா என்று கேட்பார். அவர்கள் கைகளைக் குறுக்கே மடித்து நம்புகிறோம் என்பார்கள். அந்நாளில் தேர்வுத்தாள் ஏது? கற்ற பிள்ளைகளை நோயாளிகளின் வீடுகளுக்கு அனுப்பிச் செபம் சொல்லச் செய்தார். தாய் தந்தையருக்குக் கற்பிக்கச் சொன்னார். கற்றதை வீட்டிற்குக் கொண்டுபோய்ப் பிறருக்குச் சொல்லிக்கொடுப்பதைவிடச் சிறந்த திருப்புதல் எதுவென்று நாமறியோம். அவருக்குப்பின் வந்த அண்டிரிக் அடிகளார் 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற பதினாறு பக்க நூலையும், மறுஆண்டு கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்' என்ற விரிந்த நூலையும் அச்சேற்றினார். பின்னது ஆசானும் மாணாக்கனும் உரையாடும் வினாவிடை வடிவில் அமைந்தது. தமிழில் அச்சு பிறந்த நாள்களிலேயே வினாவும் விடையும் அச்சேறிவிட்டன என்பதில் மறைக்கல்வி ஆசிரியர்கள் பெருமைகொள்ளலாம்.

இயேசு சபையார் 1599-இல் வகுத்த கல்வி ஒழுங்கில் சனிக்கிழமை என்பது அந்த வாரம் கற்ற அனைத்தையும் திருப்பும் நாள். வகுப்பைப் பத்துப் பத்துப் பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மாணவத் தலைவன். மற்றவர்கள் ஒப்பிப்பதை அவன் கேட்பான். ஒவ்வொருவனுக்கும் எதிர்ப்பக்கத்தில் ஓர் இணைப்போட்டியாளன். இவன் தவறினால் அவன் திருத்த வேண்டும். நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை செய்ததும் ஏறத்தாழ இதுவே. சென்னையில் ஆதரவற்ற சிறுவர் இல்லம் ஒன்றின் பொறுப்பை 1789-இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஆங்கிலத் திருச்சபைக் குரு, நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக் கற்பதைக் கண்டு வியந்தார். தம் இல்லத்தில் மூத்த மாணவரைக் கொண்டே இளையோருக்குக் கற்பித்துப் பார்த்து, அந்த அனுபவத்தை 1797-இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். மணல் நம்முடையது. இன்று அதை வெளிநாட்டு முறை என்று எண்ணிப் பயிற்சிப் பட்டறைகளில் கேட்டுக் குறிப்பெடுத்துக்கொள்கிறோம்.

அண்மைக்கால ஆய்வும் இப்பழைய வழக்கத்துக்குச் சான்று பகர்கிறது. 2006-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலார் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்களிடம் ஓர் உரைநடைப் பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு சாரார் அதனை மீண்டும் மீண்டும் வாசித்தார்கள். மறுசாரார் தாளை மூடிவைத்துவிட்டு நினைவுக்கு வந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழாயிற்று. மூடிவைத்து எழுதியவர்களே மிகுதியாக நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு வாரம் என்பது நம் கணக்கில் ஞாயிற்றிலிருந்து ஞாயிறு. வாசித்தவர்களே தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று மிகுந்த நம்பிக்கையோடு இருந்தார்கள் என்பது அவ்வாய்வில் நம்மை மிகவும் கவர்ந்த செய்தி. வேப்பமரத்தடித் தலையசைப்பை ஆய்வுக்கூடத்திலும் கண்டுபிடித்துவிட்டார்கள்!

ஆகவே, புத்தகத்தை மூட வேண்டும்; பிள்ளை பேச வேண்டும். இது மட்டும் தெளிவு. எப்படிப் பேச வைப்பது?

நாம் கண்ட செயல்பாடுகளுள் மிக எளியது வெள்ளைத்தாள். கிழித்த தினசரி நாட்காட்டித் தாளின் பின்புறம் போதும். எல்லா வீட்டிலும் கிடைக்கும். "திருமுழுக்கு" என்று ஒரே ஒரு சொல்லைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, ஐந்து நிமிடம் நினைவுக்கு வருவதையெல்லாம் எழுதவோ வரையவோ சொல்வது. பின்பு பக்கத்தில் இருப்பவனோடு தாளை மாற்றிக்கொண்டு, அவன் எழுதியதில் தன்னிடம் இல்லாததை வேறு நிறப் பென்சிலால் சேர்த்துக்கொள்வது. கடைசியில்தான் புத்தகத்தைத் திறப்பது. இறுதியில் ஒவ்வொரு தாளிலும் மூன்று நிறம் இருக்கும்: தானறிந்தது, தோழன் தந்தது, நூல் தந்தது. திருச்சபையின் படிப்பினை ஒருவனிடம் வந்து சேரும் வழிகளும் இவைதாமே என்று சொல்லத் தோன்றுகிறது. இறையியல் படித்தவர்களுக்கு எதைக் கண்டாலும் மூன்றாகத் தெரியும் என்று நண்பர் ஒருவர் கேலி செய்வார்; வாசகர் பொறுத்தருள்க.

மீட்பு வரலாற்றைத் திருப்புவதற்குக் கொடிக்கயிறு உகந்தது. தூணுக்குத் தூண் ஒரு கயிற்றைக் கட்டி, ஆபிரகாம், யோசேப்பு, விடுதலைப் பயணம், தாவீது, பாபிலோன் சிறையிருப்பு, மரியாவுக்கு வானதூதர் உரைத்த செய்தி என்று அட்டைகளைப் பிள்ளைகளிடம் கலந்து கொடுத்து, துணிக்கு மாட்டும் கிளிப்பால் வரிசையாகத் தொங்கவிடச் சொல்வது. மாட்டியது தவறென்று நினைக்கும் பிள்ளை அட்டையை இடம் மாற்றலாம். ஆனால் காரணம் சொல்ல வேண்டும். சிறையிருப்புக்குப் பின்னால் தாவீதை மாட்டிய சிறுவனிடம், "ராஜாவே இல்லாத ஊருக்கு அவர் எப்படி ராஜாவா இருப்பார்?" என்று ஒரு சிறுமி கேட்டதை நாமே கேட்டோம். ஆசிரியர் அரைமணி நேரம் விளக்கினாலும் அவ்வளவு தெளிவாய் விளங்கியிராது.

பாண்டி விளையாட்டை நம் சிறுமியர் இன்னும் முற்றிலும் மறந்துவிடவில்லை. மண்ணில் ஏழு கட்டம் வரைந்தால் ஏழு அருளடையாளங்கள். சில்லு எந்தக் கட்டத்தில் விழுகிறதோ அதைப்பற்றி ஒரு செய்தி சொல்லிவிட்டுத் தாண்ட வேண்டும். முன்பு ஒருவர் சொன்னதை மறுபடி சொல்லக்கூடாது. ஒரு முறை சில்லு 'நோயில்பூசுதல்' கட்டத்தில் விழுந்தது. ஒற்றைக்காலில் நின்ற சிறுமி மற்றக் காலையும் ஊன்றிவிட்டாள். "எங்க தாத்தாவுக்குச் சாமி வந்து எண்ணெய் பூசினாங்க. எல்லாரும் அழுதாங்க. ஆனா அவர் சாகல. மறுநாள் எந்திரிச்சுக் கஞ்சி குடிச்சார்" என்றாள். காலை ஊன்றிவிட்டதால் ஆட்டம் போயிற்று என்று பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். நமக்கோ அவ்விடம் விட்டு அகல மனமில்லை. சாகப்போகிறவர்களுக்கு மட்டுமே உரியது என்று பெரியவர்களே இன்றுவரை அஞ்சி, உயிர் ஊசலாடும் வேளையில் மட்டும் நம்மை அழைக்கிறார்கள். நோயுற்றவருக்கு நலமும் திடனும் அளிப்பது அவ்வருளடையாளம் என்று எத்தனை மறையுரைகளில் சொல்லியிருக்கிறோம்! ஒரு கிண்ணம் கஞ்சி அதனைச் சொல்லிவிட்டது. தேர்வுத்தாளில் அவ்விடையை எழுதினால் எத்தனை மதிப்பெண் கிடைக்குமோ?

பரமபதப் படத்தை வைத்து விளையாடும் பங்குகளும் உண்டு. வைகுண்ட ஏகாதசி இரவில் நம் அண்டை வீட்டார் விழித்திருந்து ஆடும் ஆட்டம் அது. தாயம் உருட்டிக் காய் நகர்த்துவது. ஏணியின் அடியில் நிற்பவர் வினாவுக்கு விடை சொன்னால் ஏறலாம்; தெரியாவிட்டால் தம் அணியினரைக் கேட்டும் சொல்லலாம். இதில் ஒரு நன்மை: எல்லாம் தெரிந்த பிள்ளையும் பாம்பின் வாயில் விழக்கூடும், ஒன்றும் தெரியாத பிள்ளையும் தாயத்தின் தயவால் மேலேறக்கூடும். தகுதியினாலன்றி அருளினால் என்று பவுலடியார் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் விளக்குவதற்கு இது சரியான உவமையாகாது என்பதை அறிவோம். எனினும் வகுப்பில் எப்போதும் கடைசியில் நிற்கும் பிள்ளை ஒரு முறையேனும் எல்லாருக்கும் முன்னே நிற்பது நல்லது.

வினாக்களைப் பிள்ளைகளே ஆக்குவதும் உண்டு. ஆளுக்கு இரண்டு வினாவைச் சீட்டில் எழுதிப் பிஸ்கட் டின்னில் போட வேண்டும். கேட்பவனுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும் என்பது ஒரே நிபந்தனை. யூதக் குடும்பங்களில் பாஸ்கா இரவில் வினாக் கேட்கும் உரிமை வீட்டின் கடைக்குட்டிக்கு உரியது. பன்னிரண்டு வயது இயேசுவும் கோவிலில் போதகர் நடுவே அமர்ந்து, கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கவில்லை, வினாவும் எழுப்பினார் என்கிறார் லூக்கா. நம் வகுப்புகளிலோ வினா என்பது மேலிருந்து கீழே வருவது என்று பிள்ளைகள் பழகிவிட்டார்கள்.

இவற்றையெல்லாம் சொல்லும் நாம், ஒரு வகை விளையாட்டை மட்டும் மறைக்கல்வி வகுப்பிலிருந்து அகற்ற வேண்டும் என்று உறுதியாக எண்ணுகிறோம். தவறியவர் வெளியேற வேண்டும் என்னும் விளையாட்டு அது. எல்லாரையும் நிற்க வைத்து வினாக் கேட்டு, விடை தெரியாதவனை உட்கார வைப்பது. இசை நாற்காலிபோல் ஒவ்வொருவராய்க் கழித்துக் கடைசியில் ஒருவனுக்குப் பரிசு தருவது. பார்க்க விறுவிறுப்பாகவே இருக்கும். ஆனால் நடப்பது என்னவென்று சற்றுக் கணக்கிட்டுப் பாருங்கள். நாற்பது பிள்ளைகள்; முதல் வினாவிலேயே ஒருவன் வெளியேறுகிறான். அந்த ஒரு மணி நேரத் திருப்புதல் யாருக்கு மிகவும் தேவைப்பட்டதோ, அவனே முதலில் சும்மா உட்கார்கிறான். எல்லாப் பாடமும் அறிந்த பிள்ளை கடைசிவரை பயிற்சி பெறுகிறான். இருப்பவனுக்கு மேலும் கொடுக்கப்படும் என்ற உவமையை இவ்விதம் நிறைவேற்றும்படி ஆண்டவர் நம்மைக் கேட்கவில்லை.

விருந்தினராகச் சென்ற ஒரு பங்கில் இதை நேரில் கண்டோம். ஏழெட்டு வயதுச் சிறுவன். வேலைக்காகப் பெற்றோர் ஊர்விட்டு ஊர் செல்வதால் பாட்டியோடு வளர்கிறவன் என்று பின்னர் அறிந்தோம். அந்தப் பாட்டிக்கு எழுத்து தெரியாது. புத்தகத்தைப் பார்த்து அவனுக்குச் சொல்லிக்கொடுக்க வீட்டில் ஆளில்லை. முதற்சுற்றிலேயே வெளியேறி லூர்து கெபியின் சுற்றுச்சுவரில் போய் அமர்ந்தான். மற்றவர் கைதட்டும்போது அவனும் கைதட்டினான். விளையாட்டு முடிந்து மிட்டாய் வழங்கும்போது அவனைத் தேடினார்கள், காணவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை என்று அவ்வகுப்பின் ஆசிரியை கவலையோடு சொன்னார். காய்ச்சலாகவும் இருந்திருக்கலாம். ஆயினும் அந்த ஆசிரியை சும்மா இருக்கவில்லை. விளையாட்டின் விதியை மாற்றினார். தவறியவர் உட்காரலாம், ஆனால் அவர் தவறவிட்ட அதே வினா மூன்று பேருக்குப்பின் மறுபடி அவரிடமே வரும். இதற்குள் விடையை வேறொருவர் சொல்லக் கேட்டிருப்பார் அல்லவா? சொன்னால் எழுந்து மீண்டும் ஆட்டத்தில் சேரலாம். எத்தனை முறை வேண்டுமானாலும் சேரலாம். சிறுவனின் வீட்டுக்குத் தாமே சென்று அழைத்தும் வந்தார். அம்மாற்றத்துக்குப்பின் அவ்வகுப்பின் ஆட்டத்தில் வெற்றியாளர் என்று ஒருவரும் இல்லை. முதலில் பிள்ளைகள் முணுமுணுத்தார்கள், பின்பு பழகிக்கொண்டார்கள்.

மூன்று முறை மறுதலித்த பேதுருவிடம் ஆண்டவர் ஏரிக்கரையில் மூன்று முறை அதே வினாவை எழுப்பியதும் அப்போது நம் நினைவுக்கு வந்தது. பேதுரு மூன்றாம் முறை வருந்தினார் என்று யோவான் எழுதுகிறார். வருத்தம் இருந்தது, ஆனால் வெளியேற்றம் இல்லை.

தேர்வு என்ற சொல்லே நம் மக்களிடையே எத்தகைய அச்சத்தை விதைத்திருக்கிறது என்பதைப் பங்கு அலுவலக மேசையின் இப்புறம் அமர்ந்திருக்கும் நாம் நன்கறிவோம். திருமண ஓலை எழுத வரும் மணமக்களிடம் மந்திரம் கேட்பது பழைய வழக்கம். திருப்பூரில் பனியன் தொழிற்சாலையில் பணிபுரியும் இளைஞன் இரவுப் பேருந்தில் வரும் வழியெல்லாம் விசுவாசப் பிரமாணத்தை முணுமுணுத்துக்கொண்டு வந்து, மேசை முன்னே நின்றதும் இரண்டாம் வரியில் திக்குகிறான். மணப்பெண் தலைகுனிந்தபடி உதட்டசைவால் அவனுக்கு எடுத்துக்கொடுக்கிறாள். எத்தனையோ குருக்கள் அதைக் கண்டும் காணாததுபோல் இருந்திருக்கிறார்கள், நாமும் அவ்வாறே. அவ்விளைஞன் பத்து வயதில் அமர்ந்த மறைக்கல்வி வகுப்பில் எவ்வாறு திருப்புதல் நடந்திருக்கும் என்பதை அந்தத் திக்கலிலேயே அறிந்துகொள்ளலாம். புதுநன்மைக்குப் பிள்ளைகளை ஆயத்தம் செய்வது பற்றிக் கூறும் திருச்சபைச் சட்டம் 913-ஆம் எண், போதிய அறிவு வேண்டும் என்கிறது. அதோடு, அவர்தம் ஆற்றலுக்கேற்ப என்ற சொற்களையும் சேர்க்கிறது. அச்சொற்கள் தேர்வுத்தாள் தயாரிப்போர் கண்ணில் அடிக்கடி படுவதில்லை.

ஆசிரியர்களுக்கும் இதில் ஒரு துன்பம் உண்டு. ஆண்டாண்டாக அதே பாடம், அதே வினா, அதே விடை. சலிப்பு இயற்கை. கி.பி. 400-ஐ ஒட்டிக் கார்த்தேஜ் நகரத் திருத்தொண்டர் தேயோகிராசியாசு என்பவர், கற்பிக்கையில் தமக்கே சலிப்பாய் இருக்கிறது என்று புனித அகுஸ்தினாரிடம் முறையிட, அவர் மறுமொழியாக ஒரு நூலே எழுதினார். நமக்குப் பழகிப்போன ஊரையும் வயலையும் முதன்முறை காணும் நண்பனுக்குக் காட்டும்போது அவன் மகிழ்ச்சியில் நமக்கும் அவை புதியனவாகிவிடுகின்றன அல்லவா என்பது அவர் கூறும் ஆறுதல். கேட்பவன் கொட்டாவி விட்டால் மகிழ்ச்சியூட்டும் ஏதேனும் சொல்லி அவனை எழுப்பும்படியும், நின்று களைத்தவனுக்கு இருக்கை தரும்படியும், புரிந்ததா என்று கேட்டறியும்படியும் ஆயராகிய அவர் எழுதுகிறார். ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு மேதை நாற்காலியைப்பற்றிச் சிந்தித்திருக்கிறார். நம் மறைக்கல்வி வகுப்புகள் சிலவற்றில் பிள்ளைகள் இன்னும் கோவில் தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருக்கிறார்கள்.

இப்போது கைப்பேசி வழியே வினாடி வினா நடத்தும் ஆர்வமும் பரவிவருகிறது. நன்றே. ஆனால் விரைந்து தொடும் விரலுக்கே அங்கு வெற்றி. வீட்டில் கைப்பேசி ஒன்றே இருந்து, அதுவும் வேலைக்குச் சென்ற தந்தையின் சட்டைப்பையில் இருக்குமானால், அந்தப் பிள்ளை என்ன செய்யும் என்பதை அமைப்பாளர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும். பிஸ்கட் டின்னுக்கு மின்னேற்றம் தேவையில்லை.

அந்தப் பிஸ்கட் டின்னில் சென்ற ஆண்டு, தேர்வுக்கு முந்திய ஞாயிறன்று கிடைத்த ஒரு சீட்டைப்பற்றிச் சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள். அப்பம் பலுகிய பாடம். எத்தனை அப்பம், எத்தனை மீன், எத்தனை பேர், எத்தனை கூடை என்று வழக்கமான சீட்டுகள் வந்தன. விடைகளும் தடையின்றி வந்தன. பின்னர் எடுத்த சீட்டில், "அந்தப் பன்னிரண்டு கூடையை யார் வீட்டுக்குக் கொண்டு போனார்கள்?" என்று எழுதியிருந்தது. ஆசிரியை நம்மைப் பார்த்தார். எழுதியவனுக்கு விடை தெரிந்திருக்க வேண்டுமே என்று ஒருவன் நிபந்தனையை நினைவூட்டினான். எழுதிய சிறுவன் எழுந்து, "சீடர்கள் பன்னிரண்டு பேர், ஆளுக்கு ஒண்ணு" என்றான். உடனே ஒரு சிறுமி மறுத்தாள்: அப்பம் கொண்டுவந்த பையனுக்கு ஒன்றாவது கொடுத்திருக்க வேண்டும், கொடுக்காமல் இருப்பாரா ஆண்டவர் என்றாள். வராமற்போன ஊர்க்காரர்களுக்கு, நடக்க முடியாத பாட்டிமார்களுக்கு என்றான் இன்னொருவன். யூதாசுக்கும் ஒரு கூடையா என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்ததும் வகுப்பு ஒரு கணம் அடங்கிப்போயிற்று. அவனுக்கும்தான் பசிக்கும் என்று யாரோ சொன்னார்கள்.

"சாமி, இது பரீட்சைக்கு வருமா?" என்று முன்வரிசைச் சிறுவன் கேட்டான்.

வராது என்றோம்.

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு அவன் பின்வரிசைப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான். அடுத்த திருப்பலிக்கு முதல் மணி அடித்தபோதும் அந்தப் பன்னிரண்டாம் கூடை யாருக்கு என்பது முடிவாகவில்லை.